ஃபிரான்செஸ் ஹார்ப்பர்: திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருமுறை, அடிமைகள் இருக்கும் மண்ணில் மட்டும் என்னைப் புதைக்காதீர்கள் என்று கெஞ்சும் ஓர் அமெரிக்கக் கவிதையைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். அன்றிலிருந்து அதை எழுதிய பெண்ணைப் பற்றி யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒரே சந்தேகத்துக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

யார் இந்த ஃபிரான்செஸ் ஹார்ப்பர்? பேரே கேள்விப்பட்டதில்லையே?

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அதிகம் படிக்கப்பட்ட கறுப்பினக் கவிஞர்களில் ஒருவர். 1825 செப்டம்பர் 24 அன்று மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் பிறந்தார். 1911 பிப்ரவரி 22 அன்று ஃபிலடெல்ஃபியாவில் இறந்தார். இந்த 85 ஆண்டுகளில் அவர் கவிதை எழுதினார், கதை எழுதினார், நாவல் எழுதினார். அதைவிட அதிகமாகப் பேசினார். அடிமைமுறை ஒழிப்பு, கறுப்பினத்தவரின் கல்வி, பெண்களின் வாக்குரிமை, மது ஒழிப்பு என்று அறுபது வயதைத் தாண்டியும் மேடை ஏறிக்கொண்டிருந்தார்.

கவிஞர் என்று ஒரு பக்கமும் சீர்திருத்தவாதி என்று இன்னொரு பக்கமும் பிரித்து எழுதும் வாழ்க்கைக் குறிப்புகள் நிறைய உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருக்குக் கவிதை தொழில் கருவி. தச்சனுக்கு உளி மாதிரி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

சில இடத்தில் வாட்கின்ஸ் என்று போட்டிருக்கிறது, சில இடத்தில் ஹார்ப்பர். ரெண்டும் ஒருத்தர்தானா?

ஒருவர்தான். பிறந்தபோது ஃபிரான்செஸ் எலன் வாட்கின்ஸ். 1860 நவம்பரில் சின்சினாட்டியில் ஃபென்டன் ஹார்ப்பரைத் திருமணம் செய்துகொண்ட பிறகு ஹார்ப்பர். அதற்கு முன் வந்த புத்தகங்களில் வாட்கின்ஸ் என்றுதான் இருக்கும். இந்தப் பக்கத்தில் குழப்பம் வேண்டாம் என்று எல்லா இடத்திலும் ஹார்ப்பர் என்றே எழுதுகிறேன்.

இவர் அடிமையாக இருந்து தப்பித்து வந்தவரா?

இல்லை. அதிகம் பேர் தவறாக நினைப்பது இதைத்தான். அவருடைய பெற்றோர் அடிமைகள் அல்லாத, சுதந்திரமான கறுப்பினத்தவர்கள். அதனால் அவரும் சுதந்திரமாகவே பிறந்தார். பால்டிமோரில் அப்படிப்பட்டவர்கள் பெரிய எண்ணிக்கையில் வாழ்ந்தார்கள்.

ஆனால் அந்தச் சுதந்திரம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். 1853 வாக்கில் மேரிலாந்தில் ஒரு சட்டம் நடப்பில் இருந்தது. சுதந்திரமான கறுப்பினத்தவர் யாராவது வடக்கு மாநிலங்களிலிருந்து மேரிலாந்துக்குள் வந்தால் பிடித்து அடிமையாக விற்றுவிடலாம். ஹார்ப்பர் அப்போது வடக்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதாவது, பிறந்த ஊருக்குத் திரும்பினால் விலை பேசப்படும் சரக்காகிவிடுவார். அந்தச் சட்டத்தில் மாட்டிய ஒருவர் ஜார்ஜியாவுக்கு விற்கப்பட்டார், தப்ப முயன்றார், பிடிபட்டார், கொஞ்ச நாளில் செத்தும் போனார். இந்தச் செய்தி காதில் விழுந்த அன்றுதான் அடிமைமுறை ஒழிப்புக்கே தன்னை ஒப்புக்கொடுத்ததாக ஹார்ப்பர் பின்னாளில் ஒரு நண்பருக்கு எழுதினார்.

அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்குப் படிப்பு எங்கே கிடைத்தது?

மாமா வீட்டில். மூன்று வயதிலேயே தாயை இழந்த ஹார்ப்பரை மாமா வில்லியம் வாட்கின்ஸின் குடும்பம் எடுத்து வளர்த்தது. அந்த மனிதரைப் பற்றியே தனியாக ஒரு பக்கம் எழுதலாம். செருப்புத் தைப்பவர், சொந்தமாகப் படித்து மருத்துவம் கற்றவர், தேவாலயத்தில் பிரசங்கம் செய்பவர், அடிமை ஒழிப்புப் பத்திரிகைக்குப் புனைபெயரில் கடிதம் எழுதுபவர். இத்தனைக்கும் நடுவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடமும் நடத்தினார். இலக்கணத்தில் கண்டிப்பு. பேச்சுக்கலை பாடத்திட்டத்திலேயே இருந்தது.

பதிமூன்று வயதோடு பள்ளி முடிந்தது. அப்புறம் வீட்டு வேலை. குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் தையல், குழந்தை பார்ப்பது என்று போனார். அந்தக் குடும்பத்துக்குப் புத்தகக் கடை இருந்தது ஓர் அதிர்ஷ்டம். வேலை முடிந்த நேரத்தில் அங்கிருந்த புத்தகங்களைப் படிக்க விட்டார்கள். இருபது வயதை ஒட்டி முதல் கவிதைத் தொகுப்பு வந்துவிட்டது. 'வன இலைகள்' என்று பொருள்படும் பெயர். ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தார்கள். பார்த்தால், பால்டிமோரில் ஓர் ஆவணக் காப்பகத்திலேயே ஒரு பிரதி கிடந்திருக்கிறது. ஓர் ஆய்வு மாணவி கண்டுபிடித்து 2015இல் வெளியே சொன்னார். சின்னத் துண்டுப் பிரசுரம்தான். பட்டியலில் தேடிப் பார்த்தேன், இருந்தது என்கிற அளவுக்குத்தான் கண்டுபிடித்த கதையும்!

டீச்சர் வேலை பார்த்தவர் எப்படி மேடைக்கு வந்தார்?

1850இல் ஒஹாயோவில் கொலம்பஸுக்குப் பக்கத்தில் இருந்த யூனியன் செமினரி என்ற பள்ளியில் தையல் ஆசிரியையாகச் சேர்ந்தார். அங்கே வேலைக்கு வந்த முதல் பெண் அவர்தான். பிறகு பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரில் வாத்தியார் வேலை. அந்த வேலை அவருக்குக் கொஞ்சமும் ஒத்துவரவில்லை. இந்த நேரத்தில்தான் மேலே சொன்ன மேரிலாந்துச் செய்தி வந்தது. வேலையை விட்டுவிட்டு ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். அங்கே வில்லியம் ஸ்டில் என்ற கறுப்பினத்தவர், தெற்கிலிருந்து தப்பி வரும் அடிமைகளை ஒளித்து வைத்துக் கனடா வரை அனுப்பும் ரகசிய வலையின் முக்கியப் புள்ளி. தப்பி வந்தவர்களின் கதைகளை ஹார்ப்பர் அங்கேதான் நேராகக் கேட்டார்.

1854 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில் முதல் பொதுப்பேச்சு. கறுப்பினத்தவரின் கல்வியும் உயர்வும் என்பது தலைப்பு. கேட்டவர்கள் அசந்துபோனார்கள். மெய்ன் மாநில அடிமை ஒழிப்புச் சங்கம் உடனே சம்பளத்துக்குப் பேச்சாளராக எடுத்துக்கொண்டது. அந்த செப்டம்பர், அக்டோபரில் மட்டும் ஆறு வாரத்தில் 21 ஊர்களில் குறைந்தது 33 கூட்டங்கள் பேசியிருக்கிறார். ஒலிபெருக்கி கிடையாது, ரயில் எல்லா ஊருக்கும் கிடையாது. பெண் மேடையில் பேசுவதே வெட்கக்கேடு என்று நினைத்த காலம் வேறு.

கவிதை எழுதி அந்தக் காலத்தில் பிழைக்க முடிந்ததா?

ஓரளவுக்கு முடிந்தது. 1854இல் பாஸ்டனில் 'பல பொருள் குறித்த கவிதைகள்' என்ற தொகுப்பு வந்தது. அடிமை ஒழிப்புத் தலைவர் வில்லியம் லாயிட் கேரிசன் முன்னுரை. சில ஆண்டுகளிலேயே 10,000 பிரதிகளுக்கு மேல் போய்விட்டது. அதே காலத்தில் வாழ்ந்த, இன்று பெரிய அமெரிக்கக் கவிஞராகக் கொண்டாடப்படும் எமிலி டிக்கின்சனின் கவிதைகள் அவர் உயிரோடு இருந்தபோது ஒரு டஜன்கூட அச்சேறவில்லை என்பதை நினைத்தால், இந்த எண்ணிக்கையின் எடை தெரியும்.

விற்ற விதம் எளிது. கூட்டம் முடியும், புத்தகம் கையில் இருக்கும், கேட்டவர்கள் வாங்கிப் போவார்கள். வந்த காசில் ஒரு பங்கு ஸ்டில்லுக்குப் போகும், தப்பி வருபவர்களின் செலவுக்கு. இன்னொரு விஷயத்திலும் கையைக் கடித்துக்கொண்டார். அடிமை உழைப்பில் விளைந்த பருத்தியைத் தொடுவதில்லை என்று ஓர் இயக்கம் இருந்தது. ஹார்ப்பர் அதில் சேர்ந்து, கூலி கொடுத்து விளைவித்த பருத்தியில் நெய்த உடையைத்தான் வாங்கினார். துணி முரடு, விலையும் கூடுதல். ஆனாலும் இதன் பாவிலும் ஊடிலும் இரத்தக் கறையோ கண்ணீர்க் கறையோ இல்லை என்று நிம்மதியாக ஒரு கடிதத்தில் எழுதினார். வியாபாரம் என்ற சிம்மாசனத்தில் உட்காராமல் இருந்தால் அடிமைமுறை எத்தனை நாள் தாங்கும் என்று அதே கடிதத்தில் கேட்டிருக்கிறார்.

அவர் கவிதைகளைப் படித்தேன். ரொம்ப எளிமையா இருக்கே? இது பெரிய கவிதைதானா?

நியாயமான கேள்வி. எனக்கும் முதலில் இதே சந்தேகம் இருந்தது. நாட்டுப்பாடல் சந்தம், முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய எதுகை, நேரான வாக்கியங்கள். விமர்சகர்கள் பலர் ரொம்ப காலம் இவரை ஓரமாக வைத்ததற்கு இதுதான் காரணம்.

ஆனால் இவை வாய்க்கும் காதுக்கும் எழுதப்பட்டவை. 'அடிமைத் தாய்' என்ற கவிதை எப்படித் தொடங்குகிறது பாருங்கள்: அந்த அலறல் கேட்டதா? என்று ஒரு கேள்வி. அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்த்தே ஆக வேண்டும். கொஞ்சம் தள்ளி, அவன் அவளுடையவன் அல்ல, அவள் வலி தாங்கிப் பெற்றாலும் அவளுடையவன் அல்ல என்று வருகிறது. அடுத்து, அவள் இரத்தம் அவன் நரம்பில் ஓடினாலும் அவளுடையவன் அல்ல. அல்ல, அல்ல என்று திரும்பித் திரும்பி வந்து அடிப்பது உண்மையில் ஒரு சட்டப் பிரிவுதான். தாய் அடிமையானால் பிள்ளை எஜமானின் சொத்து என்பது சட்டம். அதை வக்கீல் மாதிரி விளக்காமல், கேட்பவரின் வயிற்றில் இறக்குகிறார். சத்தமாக வாசித்துப் பாருங்கள், மனதுக்குள் படிக்காதீர்கள். பிறகும் சாதாரணமாகத் தோன்றினால் நான் வாதாடவில்லை.

ரோசா பார்க்ஸ் மாதிரி இவரும் சீட்டை விட்டு எழ மறுத்தாராமே, நிஜமா?

நிஜம். ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், வெள்ளையருக்கு இடம் விட்டுப் பேருந்தில் எழ மறுத்தது 1955இல். இது அதற்குச் சுமார் நூறு ஆண்டு முன்பு, 1858இல், ஃபிலடெல்ஃபியாவில், குதிரை இழுக்கும் டிராம் வண்டியில். ஹார்ப்பரே எழுதிய கடிதத்தில் இருக்கிறது.

உள்ளே ஏறி உட்கார்ந்தார். கண்டக்டர் எழுந்து வண்டியின் வெளிப்படிக்குப் போகச் சொன்னார். பயணி ஒருவர் குறுக்கிட்டு, வேண்டுமானால் ஒரு மூலையில் உட்கார விடலாமே என்று பரிந்துரை செய்தார். ஹார்ப்பர் மூலைக்கும் போகவில்லை, வெளியேயும் போகவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். இறங்க வேண்டிய இடம் வந்தது. காசை நீட்டினார். கண்டக்டர் வாங்க மறுத்தார். காசை வண்டித் தரையில் போட்டுவிட்டு இறங்கிப் போனார். போக வேண்டிய தூரம் முழுதும் போய்விட்டுத்தான் இறங்கினேன் என்று கடிதத்தில் சேர்த்திருக்கிறார். எனக்கு அந்தக் காசுதான் பிடித்தது. ஓசியில் போனேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா? பென்சில்வேனியாவில் டிராமில் இனப் பாகுபாடு சட்டப்படி நீங்கியது 1867இல்.

ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்று ஓர் ஊர் வரலாற்றில் வருகிறதே, அது இவர் பெயரிலா?

இல்லை, வெறும் ஒற்றுமை. அங்கே படகுத்துறை நடத்திய ராபர்ட் ஹார்ப்பர் என்பவரின் பெயர் அது, பதினெட்டாம் நூற்றாண்டுச் சமாச்சாரம்.

ஆனால் அந்த ஊருக்கும் இவருக்கும் வேறு தொடர்பு உண்டு. 1859 அக்டோபரில் ஜான் பிரவுன் என்ற வெள்ளையர், அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்துக் கிளர்ச்சி தொடங்கும் திட்டத்தோடு அங்கிருந்த ஆயுதக் கிடங்கைத் தாக்கினார். பிடிபட்டு டிசம்பர் 2 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர் சிறையில் இருந்தபோது ஹார்ப்பர் அவருக்கும் கடிதம் எழுதினார், அவர் மனைவிக்கும் எழுதிச் சில டாலர்களும் அனுப்பினார். அப்போது இவர் இன்னும் வாட்கின்ஸ்தான்.

கல்யாண வாழ்க்கை எப்படி? எங்கேயும் விவரமா இல்லையே?

நாலே ஆண்டு வாழ்க்கை. ஃபென்டன் ஹார்ப்பர் மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகள். தன் பேச்சிலும் புத்தகத்திலும் சேர்த்த பணத்தைப் போட்டு ஹார்ப்பர் கொலம்பஸ் அருகே ஒரு பண்ணை வாங்க உதவினார். மேரி என்று ஒரு மகள் பிறந்தாள். மேடை குறைந்தது. பால் கறந்து, வெண்ணெய் எடுத்து, கொலம்பஸ் சந்தைக்கு அனுப்பினார்.

1864 மே மாதம் கணவர் இறந்தார், கடனோடு. மூன்று மாதம் ஆவதற்குள் ஜப்தி. பால் சட்டிகளையும் சலவைத் தொட்டிகளையும்கூட என் கையிலிருந்து வாரிக்கொண்டு போனார்கள் என்று பின்னால் சொன்னார். வெண்ணெய் விற்றுப் பிழைப்பவளிடம் பால் சட்டியைப் பிடுங்கினால் என்ன மிஞ்சும்? மிஞ்சியது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அதை மட்டும் விட்டுவிட்டுப் போனார்களாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பிழைப்பு தேடி வெளியே போன சமயத்தில், முன்பு இவரிடம் ஐந்து டாலர் கைமாற்று வாங்கியிருந்த அண்டை வீட்டுக்காரர் ஒருவர், இந்தப் பெண் இப்போது இந்த ஊர்க்காரியே இல்லை என்று நீதிபதி முன் சத்தியம் செய்து இவருடைய கட்டிலுக்கும் ஜப்தி வாங்கினார்.

செத்தது நானாக இருந்து கணவர் உயிரோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஹார்ப்பர் கேட்டார். பதிலும் அவரே சொன்னார்: இந்நேரம் அவருக்கு இன்னொரு மனைவி வந்திருப்பாள், யாரும் வீட்டுக்குள் நுழைந்து கட்டிலை விற்றிருக்க மாட்டார்கள்.

பெண்ணுரிமை மாநாட்டில் போய் வெள்ளைப் பெண்களையே திட்டினாராமே?

பால் சட்டிக் கதையை அவர் சொன்னதே அந்த மேடையில்தான். 1866 மே, நியூயார்க், தேசியப் பெண்ணுரிமை மாநாடு. தன் கதையில் தொடங்கி, சட்டத்தின் முன் பெண் சமமாகாத வரை நீதி நிறைவேறாது என்று சொன்னார். அதுவரை எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள்.

அப்புறம் திருப்பினார். நாம் எல்லாரும் ஒன்றாகக் கட்டுண்டவர்கள், சமூகத்தில் பலவீனமான ஒருவரை மிதித்தால் மிதிப்பவரின் ஆன்மாவும் சபிக்கப்படும் என்றார். நீங்கள் இங்கே உரிமைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் அநியாயங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று வெள்ளைப் பெண்களைப் பார்த்துச் சொன்னார். டிராம் வண்டி விவகாரத்தை இழுத்தார். எத்தனையோ அடிமைகளை மீட்டு வந்து, வேதாகமத்தில் தன் மக்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்ட மோசேயின் பெயரும் பெற்ற ஒரு பெண், கண்டக்டரோடு ஏற்பட்ட தகராறில் கை வீங்கி நிற்கிறாள் என்றார். அது ஹாரியட் டப்மன். வெள்ளைப் பெண்கள் வானத்திலிருந்து சொட்டிய பனித்துளிகள் என்று நான் நம்பவில்லை, ஆண்களைப் போலவே அவர்களிலும் நல்லவர், கெட்டவர், எதையும் கண்டுகொள்ளாதவர் என்று மூன்று வகை உண்டு என்றார். வாக்குரிமை ஒரு பயிற்சிப் பள்ளி, அது இந்த நாட்டு வெள்ளைப் பெண்களுக்குத் தேவை என்று குத்தினார்.

இதைத் திட்டு என்று சொல்லலாமா? ஒரே வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கண்டிப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த மாநாட்டின் முடிவில் உருவான சமஉரிமைச் சங்கத்தில் அவரும் இருந்தார்.

அப்போ 1869இல் பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்று ஏன் சொன்னார்?

அப்படிச் சொல்லவில்லை. விஷயம் இது. அடிமைமுறையை முன்வைத்து வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் முடிந்து, நாலு ஆண்டுகளில் 15வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. இனத்தைக் காரணம் காட்டி வாக்கு மறுக்கக் கூடாது என்றது. பெண் என்ற காரணத்தைப் பற்றி மூச்சே இல்லை. எலிசபெத் கேடி ஸ்டான்டன், சூசன் அந்தோணி போன்ற வெள்ளைப் பெண்ணுரிமைத் தலைவர்கள் பெண்களை விட்டுவிட்டுக் கறுப்பின ஆண்களுக்கு மட்டும் கொடுக்கும் திருத்தத்தை எதிர்த்தார்கள். அடிமையாக இருந்து தப்பி வந்த கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் ஆதரித்தார். 1869இல் நியூயார்க் கூட்டத்தில் இந்தச் சண்டை முற்றி இயக்கமே இரண்டானது.

ஹார்ப்பர் டக்ளஸ் பக்கம் நின்றார். நாடு ஒரு கேள்வியை மட்டும்தான் தாங்கும் என்றால், நம் இனத்து ஆண்கள் கேட்பது கிடைக்கட்டும், கறுப்பினப் பெண்கள் குறுக்கே ஒரு துரும்பைக்கூடப் போடக் கூடாது என்றார். வெள்ளைப் பெண்கள் பாலினத்தை முன்னால் வைத்து இனத்தைப் பின்னால் தள்ளுகிறார்கள் என்றும் சொன்னார். அந்தத் 'தாங்கும் என்றால்' என்பதைக் கவனியுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடு என்று நெருக்கியதால் தேர்ந்தெடுத்தார். அதன் பிறகும் பல ஆண்டுகள் பெண்களின் வாக்குரிமைக்குப் பேசினார்.

போர் முடிந்ததும் தெற்கே போனாரே, அங்கே என்ன வேலை?

1867 முதல் 1871 வரை பெரும்பாலும் தெற்கு மாநிலங்களில் சுற்றினார். விடுதலை பெற்ற மக்களின் ஒற்றை அறைக் குடிசைகளில் தங்கினார். பெண்களுக்கென்று காசு வாங்காமல் தனிக் கூட்டங்கள் நடத்தினார். படி, நிலம் வாங்கு, வீட்டை உன்னுடையதாக்கு, கணவன் அடித்தால் பொறுத்துக்கொள்ளாதே. பேச்சின் சாரம் இவ்வளவுதான். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் பள்ளிக்கூடங்களை எரித்துக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு வேடிக்கையும் உண்டு. இவ்வளவு சரளமாக மேடையில் பேசுபவரைப் பார்த்துக் கூட்டத்தில் சிலர், இது பெண்ணே இல்லை, ஆண் என்றார்களாம். வேறு சிலர், இவள் கறுப்பினத்தவளே இல்லை, சாயம் பூசியிருக்கிறாள் என்றார்களாம். கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று ஸ்டில்லுக்கு எழுதினார்.

குளோயி அத்தை கவிதைகள் என்கிறார்களே, குளோயி யார்? நிஜ மனுஷியா?

கற்பனைப் பாத்திரம், ஆனால் தெற்கில் பார்த்த நிறைய முகங்கள் அதில் இருக்கும். 1872இல் வந்த 'தெற்கத்திய வாழ்க்கைச் சித்திரங்கள்' தொகுப்பில் இந்த வயதான பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். ஹார்ப்பர் எழுதியதிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

'படிக்கக் கற்றல்' என்ற கவிதை. அடிமைகள் எழுத்து படிப்பது குற்றம். கால்ட்வெல் மாமா என்று ஒருவர், இறைச்சி வெந்த தண்ணீரில் மிதக்கும் கொழுப்பை எடுத்துப் புத்தகத் தாள்களில் தடவித் தொப்பிக்குள் ஒளித்து வைக்கிறார். எஜமான் பார்த்தால் ஏதோ எண்ணெய்க் காகிதம் என்று விட்டுவிடுவான், படிக்கிற விஷயம் என்று தோன்றாது. போர் முடிந்து வடக்கிலிருந்து ஆசிரியர்கள் வருகிறார்கள். குளோயிக்கு அறுபதை நெருங்குகிறது. இனிமேல் எதற்கு, நேரம் போய்விட்டது என்கிறார்கள். அறுபது ஆகப்போகிறது, அதனால்தான் காத்திருக்க நேரமில்லை என்கிறாள் அவள். ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். வேதாகமம் படிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. அப்புறம் ஒரு சின்னக் குடிசை, தனக்கென்று. சிம்மாசனத்தில் ராணி மாதிரி இருந்தது என்கிறாள்.

இன்னொரு கவிதையில் தேர்தல். ஓட்டு ஆண்களுக்கு மட்டும்தான். ஆனால் பெண்கள் சும்மா இருப்பதில்லை. ஒருத்தன் ஓட்டை விற்று மாவும் இறைச்சியும் வாங்கி வருகிறான். அவன் மனைவி கிட்டி அத்தை அதைத் தூக்கி வெளியே எறிகிறாள். இன்னொருத்தி, ரேஷன் சாமானுக்கு ஓட்டை விற்ற புருஷனைத் துரத்திப் போய்த் திருப்பிக் கொடுக்க வைக்கிறாள். மில்லி என்பவள், மாற்றிப் போட்டால் உன் கந்தலை எடுத்துக்கொண்டு கிளம்பு என்கிறாள். வாசகர் வட்டத்தில் இந்த இடத்தை வாசித்தபோது எழுந்த சிரிப்புக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மது ஒழிப்பு, ஒழுக்கம் என்றெல்லாம் பேசினாரே. கொஞ்சம் பழமைவாதியோ?

இன்றைய கண்ணுக்கு அப்படித் தெரியலாம். அவர் காலத்தில் குடி என்பது பெண்ணின் சொத்துரிமைப் பிரச்சினையும்கூட. கணவன் குடித்து அழித்தால் மனைவிக்குச் சட்டத்தில் கேட்க நாதியில்லை. பால் சட்டியை இழந்தவருக்கு அது நன்றாகத் தெரியும். 1859இல் எழுதிய 'இரண்டு வரன்கள்' என்ற சிறுகதையிலேயே இது இருக்கிறது. வந்த இரண்டு வரன்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, குடிகாரக் கணவனிடம் வாடிச் சாகும் ஒருத்தி. திருமணமே வேண்டாம் என்று எழுத்தாளராகவே நிறைவாக வாழும் அவளுடைய உறவுக்காரி. கதையின் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

1883 முதல் 1890 வரை பெண்கள் கிறித்தவ மதுவிலக்குச் சங்கத்தின் கறுப்பினப் பிரிவுக்குத் தேசியப் பொறுப்பாளராக இருந்தார். தெற்கில் அந்தச் சங்கத்தின் வெள்ளைப் பெண்கள் கறுப்பினப் பெண்களோடு ஒன்றாக உட்கார விரும்பவில்லை, தனிக் கிளை வைத்தார்கள். இதைப் பற்றி 1888இல் ஹார்ப்பர் வெளிப்படையாகவே ஒரு கட்டுரை எழுதினார். உள்ளே இருந்துகொண்டே குறை சொல்வது அவர் பழக்கம், 1866இலும் அதையேதான் செய்தார்.

படிக்காதவர்களுக்கு ஓட்டு கூடாது என்று சொன்னாராமே? இது உண்மையா பொய்யா?

உண்மை. சங்கடமான உண்மை. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த பெண்கள் மாநாட்டில், ஆணானாலும் பெண்ணானாலும் எல்லாருக்கும் கட்டுப்பாடின்றி வாக்குரிமை என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை, ஒழுக்கத்தையும் கல்வியையும் சோதித்துத் தர வேண்டும் என்றார்.

அவர் மனதில் இருந்தது யார் என்பது அதே பேச்சில் தெரிகிறது. கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து கொல்பவர்களின் கைகள் இரத்தத்தில் தோய்ந்தவை, நாலு ஆண்டுக்குக்கூட அரசின் தன்மையைத் தீர்மானிக்க அந்தக் கைகளுக்குத் தகுதியில்லை என்றார். அதாவது, கொலைகாரனுக்கு ஓட்டு இருக்கிறது, படித்த பெண்ணுக்கு இல்லையே என்ற ஆற்றாமை. ஆனாலும் நான் இதை மழுப்ப மாட்டேன். 1890லேயே மிசிசிப்பி மாநிலம் எழுத்தறிவுச் சோதனை என்ற பெயரில் கறுப்பினத்தவரை வாக்காளர் பட்டியலிலிருந்து துரத்தத் தொடங்கிவிட்டது. கல்விச் சோதனை என்ற கத்தி யார் கழுத்தில் இறங்கும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். குளோயியைப் படைத்தவர் இப்படிச் சொன்னது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

கறுப்பினப் பெண் எழுதிய முதல் நாவல் இவருடையதுதானே?

'அயோலா லெராய்' என்ற அவர் நாவல் 1892இல் வந்தது. வெள்ளைப் பெண்ணாகவே வளர்ந்த ஒருத்தி, தன் தாய் கறுப்பினத்தவள் என்று தெரிந்து அடிமையாக விற்கப்பட்டு, விடுதலைக்குப் பின் வெள்ளையாக நடிக்க மறுக்கும் கதை. ரொம்ப காலம் இதைத்தான் முதல் என்றார்கள். பிறகு 1859இல் ஹாரியட் வில்சன் என்ற கறுப்பினப் பெண் எழுதிய நாவல் தெரியவந்தது. ஹார்ப்பருமே 1869லிருந்து ஒரு தேவாலயப் பத்திரிகையில் மூன்று நாவல்கள் தொடராக எழுதியிருந்தார், அவை 1994இல்தான் புத்தகமாயின. முதல் கவிஞர் என்ற பட்டமும் பொருந்தாது, ஃபிலிஸ் வீட்லி என்ற கறுப்பினப் பெண்ணின் கவிதைத் தொகுப்பு 1773இலேயே வந்துவிட்டது. 'இரண்டு வரன்கள்' கதையை, அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருவர் அச்சிட்ட முதல் சிறுகதை என்று பொதுவாக ஏற்கிறார்கள். அதுவும் நாளைக்கே மாறலாம், 'வன இலைகள்' கிடைத்த மாதிரி.

கடைசிக் காலம் எப்படி? எங்கே புதைத்தார்கள்?

ஃபிலடெல்ஃபியாவில் பெயின்பிரிட்ஜ் தெரு 1006ஆம் எண் வீடு. 1870லிருந்து அங்கேதான். 1896இல் கறுப்பினப் பெண்களின் தேசியச் சங்கம் உருவானபோது அதை நிறுவியவர்களில் ஒருவர். மகள் மேரி அவருக்கு முன்பே போய்விட்டார். ஹார்ப்பர் ஃபிலடெல்ஃபியாவை ஒட்டியுள்ள ஈடன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமையை உறுதி செய்த 19வது திருத்தம் வந்தது ஒன்பது ஆண்டுக்குப் பிறகு.

முதலில் சொன்னேனே, அந்தக் கவிதை, அது 1858இல் எழுதியது. சமவெளியோ மலையோ, எங்கு வேண்டுமானாலும் குழி வெட்டுங்கள், எளியவர்களின் கல்லறைகளுக்கு நடுவிலும் சரி, அடிமைகள் இருக்கும் மண்ணில் மட்டும் வேண்டாம். கடைசியில், போகிறவர் வருகிறவர் நின்று பார்க்கும்படி உயரமான நினைவுச்சின்னம் எதுவும் கேட்கவில்லை என்று வருகிறது. அந்த வரிகள் இப்போது வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. போகிறவர் வருகிறவர் நின்று பார்க்கிறார்கள்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்? தமிழில் நீங்களே ஏதாவது செய்திருக்கிறீர்களா?

'படிக்கக் கற்றல்', அப்புறம் 1866 பேச்சு, அப்புறம் 'அடிமைத் தாய்'. நாவலைக் கடைசிக்கு வையுங்கள், நடுவில் பிரசங்கம் கொஞ்சம் நீளும்.

நான் இரண்டு கவிதைகளைத் தமிழில் முயன்று பார்த்தேன். கல்லறைக் கவிதை ஓரளவு வந்தது. குளோயிதான் நகர மறுக்கிறாள். அவள் பேசுவது ஏட்டு ஆங்கிலம் இல்லை, வாய்மொழி. எழுத்துத் தமிழில் போட்டால் வாத்தியாரம்மா ஆகிவிடுகிறாள், ஒரு வட்டார வழக்கில் போட்டால் அந்த ஊர்க்காரி ஆகிவிடுகிறாள். கால்ட்வெல் மாமா தாளில் தடவிய அந்தக் கொழுப்புக்கே இன்னும் எனக்கு ஒரே சொல்லாகக் கிடைக்கவில்லை. மேலே ஐந்து வார்த்தையில் சமாளித்திருக்கிறேன். அவள் மூன்றே சொல்லில் முடித்துவிடுகிறாள்.